பக்கத்து வீட்டு நட்சத்திரப் பழமும் நின்றுபோகாத விக்கலும்

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு விக்கல் நிற்கவில்லை என்று அழைத்துவந்தால், சிறுநீரக மருத்துவரான நான் முதலில் கேட்பது, "நட்சத்திரப் பழம் சாப்பிட்டாரா?" என்பதுதான். இந்த வாரமும் கேட்டேன். "ஆமாம் டாக்டர். பக்கத்து வீட்டு மரத்துப் பழம். பூச்சிமருந்தே அடிக்காதது" என்றார் மகள். முந்தைய நாள் முழுக்க விக்கலுக்குத் தண்ணீரும் சர்க்கரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு குழறிக்கொண்டிருந்தது.

"மருந்தே அடிக்காதது." இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். மாடித்தோட்டம் பெருகியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். நட்சத்திரப் பழம் தொட்டியிலேயே காய்க்கிறது. குலை குலையாய்க் காய்ப்பதால் தெருவுக்கே பங்கு போகிறது. ஆனால் நான் பேசுவது வெளியிலிருந்து தெளிக்கும் நஞ்சைப் பற்றி அல்ல. கராம்பாக்ஸின் என்ற நரம்பு நஞ்சை அந்த மரமே தன் பழத்துக்குள் உருவாக்குகிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அதை அடையாளம் கண்டார்கள். பஞ்சகவ்யம் ஊற்றி வளர்த்தாலும் அது இருக்கும். உப்புத் தண்ணீரில் கழுவினாலும், தோலைச் சீவினாலும் போகாது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் முடியாது. நஞ்சு மூளைக்குப் போகிறது. விக்கல், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு, சிலருக்கு மரணம். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரே பழம்கூட ஆபத்தாகலாம். "ஒரு துண்டுதானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அதன் உறவுக்கார மரமான பிலிம்பியின் கதை வேறு. கேரளத்தில் இரும்பன்புளி என்பார்கள். மீன்குழம்பில் நாலு காய் போடுவதையோ ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதையோ நான் குறை சொல்லவில்லை. கொழுப்பு குறையும், சர்க்கரை குறையும் என்று வீடியோ பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகச் சாறு குடிக்கிறார்களே, அதுதான் பிரச்சினை. அதில் ஆக்ஸலேட் என்ற இயற்கை உப்பு மிக அதிகம். அது படிகமாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நல்லவேளையாக எல்லோரும் தேறினார்கள்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருப்பவர்கள்தான் இத்தகைய சாறுகளை அதிகம் நாடுகிறார்கள். சிறுநீரகம் பாதி கெட்டிருப்பதை அறியாதவர்களும் அவர்களில்தான் அதிகம். கால் வீங்கினால்தான் சிறுநீரக நோய் என்று நினைக்கிறீர்கள். பாதிக்கு மேல் கெட்டாலும் உடம்பு பெரும்பாலும் ஒன்றுமே காட்டாது. ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் எவ்வளவு என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் எந்தச் சாற்றையும் மருந்தாகக் குடிக்காதீர்கள்.

டயாலிசிஸ் செய்பவர்களும் கிரியேட்டினின் கூடியவர்களும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். சாறும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம். இளநீர், சப்போட்டா, வாழைப்பழம் போன்றவற்றில் கவலை வேறு: பழுதடைந்த சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத பொட்டாசியம். அளவை உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். மரம் வைத்திருப்பவர்களே, பழம் கொடுக்கும்போது "உங்கள் வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்சினை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒன்று: குழப்பத்தோடு வரும் சிறுநீரக நோயாளியை மூளை ஸ்கேனுக்கு அனுப்பும்போதே, என்ன பழம் சாப்பிட்டார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள். நட்சத்திரப் பழம் என்றால் இயந்திர டயாலிசிஸை உடனே தொடங்க வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் போதாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: சிறுநீரக நோயாளிக்கு நட்சத்திரப் பழம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் விக்கல் தொடங்கினால் தண்ணீர் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே புறப்படுங்கள். மிச்சமிருக்கும் பழத்தையும் கையோடு எடுத்து வாருங்கள்.