புயலில் சாய்ந்த காட்டைச் சீரமைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடல்வழியாகவே கடந்து சென்றது. ஆனாலும் மலையோரத்து ரப்பர் தோட்டங்களிலும் வாழைத்தோப்புகளிலும் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். தொடர்மழையில் மண் இளகிவிட்டால் வேரின் பிடியும் தளர்ந்துவிடுகிறது.

தோட்டத்தில் விழுந்த ரப்பர் மரத்தை விறகுக்காவது விற்கலாம். ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்திலோ, தேசியப் பூங்காக்களிலோ அது முடியாது. காய்ந்த மரங்களையும் காற்றில் விழுந்த மரங்களையும் அங்கிருந்து அகற்றுவதற்கு உச்சநீதிமன்றம் 2000 பிப்ரவரி 14 அன்று தடை விதித்தது. ஆகவே சேதத்தை விற்றுச் செலவை ஈடுகட்டும் வழி வனத்துறைக்கு இல்லை. இந்தத் தடை சரியானது என்றே நான் கருதுகிறேன். வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியில் உண்டாகும் குழியில் மழைநீர் தேங்கித் தவளைகள் முட்டையிடும். மட்கும் தண்டில் காளானும் வண்டும் குடியேறும். மேலே திறந்த இடைவெளி வழியாக இறங்கும் வெயிலில், நெடுநாள் நிழலில் காத்திருந்த கன்றுகள் நிமிர்ந்து வளரும்.

பணம் தேவைப்படுவது வேறு இடங்களில். உடைந்த பாலம், அரித்துப்போன காட்டுப்பாதை, கூரை பறந்த வேட்டைத் தடுப்பு முகாம், காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குச் செல்லும் மின்கம்பி ஆகியவற்றை உடனே சீராக்க வேண்டும். இத்தகைய அவசரத்துக்கென்றே 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநிலப் பேரிடர் நிவாரண நிதி உள்ளது. தமிழ்நாட்டுக்கு அதில் மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் செலுத்துகின்றன. சரணாலயப் பராமரிப்புக்கான மத்திய வனவிலங்கு வாழ்விட மேம்பாட்டுத் திட்டத்தில் இப்பங்கு 60க்கு 40 ஆகும். மூன்றாவது ஊற்று காம்பா நிதி. காட்டு நிலத்தைச் சாலைக்கோ சுரங்கத்துக்கோ எடுப்பவர்கள், அந்தக் காடு அளித்துவந்த பயனுக்கு ஈடாகச் செலுத்தும் தொகை அதில் சேர்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் 90 விழுக்காடு மாநிலத்துக்கு உரியது.

சிக்கல் தொகையில் மட்டுமன்றி நாள்காட்டியிலும் இருக்கிறது. நிவாரண நிதி உடனடிப் பணிகளுக்கானது. மற்ற இரண்டும் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு முன்கூட்டியே வகுக்கப்படும் செயல்திட்டத்தின்படி செலவாகின்றன. நம் பக்கம் புயல் வருவதோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஆண்டின் திட்டம் பாதிக்கு மேல் நடந்து முடிந்த பிறகு. காடு தானே மீளும் என்றாலும், திறந்த இடத்தில் முதலில் நுழைவது எப்போதும் நம் மரக்கன்று அல்ல. அயல்நாட்டுக் களைகளான உன்னிச்செடியும், மலையாளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை எனப்படும் குரோமோலேனாவும் பாதையோரங்களில் ஏற்கெனவே காத்திருக்கின்றன. அவற்றை வேரோடு பிடுங்கும் வேலையைச் சில ஆண்டுகள் தொடர்ந்து செய்ய வேண்டும்; அதற்கான கூலியைப் புயலடித்த ஆண்டிலேயே ஒதுக்குவதுதான் சிக்கனம். ஏனெனில் குரோமோலேனா மார்கழியை ஒட்டிப் பூத்து, அடுத்த நிதியாண்டு பிறக்குமுன்பே காற்றில் விதை தூவி முடித்துவிடுகிறது.