தோண்டும் முன்பே தெரியும் வெள்ளி

நியூஜெர்சியில் பழைய வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: ‘மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியதில், எங்கள் தோட்டத்தில் ஸ்பெயின் அரசர் முகம் பதித்த வெள்ளிக்காசு கிடைத்தது. அது இங்கே எப்படி வந்தது? தோண்டும் முன்பே வெள்ளியாக இருக்கலாம் என்று கருவி காட்டியதே, எப்படி?’

காசு வந்த வழி எளிது. அமெரிக்கா 1792-இல் நாணயச் சாலை அமைக்கச் சட்டம் இயற்றியும், புழக்கத்துக்குப் போதுமான வெள்ளிக்காசை அடிக்க முடியவில்லை. மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியிலும் அடித்த ‘ரியால்’ என்ற ஸ்பானிய வெள்ளிக்காசுகள்தான் கடைகளில் ஓடின. 1857 வரை அவை சட்டப்படி செல்லுபடியான பணம். பையிலிருந்து நழுவியவை மண்ணுக்குள் போய்விட்டன.

கருவிக்கு வருவோம். தேடும் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்று, வினாடிக்குப் பத்தாயிரம் முறை போல ஊசலாடும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது பட்டதும் காசுக்குள் வட்டமிட்டு ஓடும் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை இரண்டாவது சுருள் வாங்கிக்கொள்கிறது. 1881-இல் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுவந்த கருவியும் இதே வகைதான்.

சரி, உலோகம் இருப்பது தெரிந்தது. அது வெள்ளியா, குப்பையா? இங்கேதான் இயற்பியல் அழகு காட்டுகிறது. பஜனையில் பின்பாட்டுக்காரர் ஒரு கணம் தள்ளிப் பாடுவதுபோல, மண்ணிலிருந்து வரும் பதிலும் தாமதமாக வருகிறது. தாமதத்தின் அளவு பொருளுக்குப் பொருள் மாறும். அலுமினியத் தாள் துணுக்கில் மின்தடை அதிகம். எழுந்த மின்னோட்டம் சட்டென்று அடங்கிவிடும். அதன் பதில் ஏறக்குறைய கால் சுழற்சி (புலத்தின் ஒரு முழு ஊசல்தான் ஒரு சுழற்சி) பிந்துகிறது. கனமான வெள்ளிக்காசில் மின்னோட்டம் லேசில் அடங்காது. பதில் அரைச் சுழற்சியை நெருங்கும் அளவுக்குப் பிந்துகிறது. இரும்பு ஆணியோ காந்தமாகி, பெரும்பாலும் புலத்தோடு கூடவே ஆடுகிறது. வினாடிக்குப் பத்தாயிரம் சுழற்சி என்றால், கால் சுழற்சி என்பது வினாடியின் 40,000-இல் ஒரு பங்கு. துணுக்குக்கும் காசுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடுக்குக்குள் அடங்கிவிடுகிறது! அதை அளந்துதான் திரையில் எண் வருகிறது; கனமான வெள்ளிக்காசுக்குப் பெரிய எண், தாள் துணுக்குக்குச் சிறிய எண்.

இதே அமெரிக்காவில் 200 ஆண்டுகளுக்கு முன் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு புதையல் தேடினார்கள். நம் ஊரில் இன்றும் மை போட்டுப் பார்ப்பவரிடம் பணத்தைக் கொட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது உண்மையிலேயே வேதனை. மாறும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தை எழுப்பும் இந்த மின்காந்தத் தூண்டலை விஞ்ஞானி ஃபாரடே 1831-இல் கண்டது புதையலுக்காக அல்ல. ‘உடனே என்ன பயன்?’ என்று கேட்டு அடிப்படை ஆய்வின் நிதியில் கைவைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், வாசகருக்கு ஒரு யோசனை. ஆழம் இரட்டித்தால் சிறு காசின் பதில் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகக் குறையும். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அதைப் பிடிப்பது கடினம். சில்லறைக்காக வெட்டிய ரியால் துண்டுகளும் மெல்லிய அரை ரியாலும், வெள்ளியாகவே இருந்தாலும், குறைந்த எண்ணைத்தான் காட்டும். பழைய வீட்டுத் தோட்டத்தில் நடுத்தர எண் வந்தாலும் தோண்டிப் பாருங்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள்.