சேற்றுக்குள் இருப்பது அலகுக்கு எப்படித் தெரிகிறது?

பெனாகா பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கடலோரச் சேற்றில் நீள மூக்குப் பறவைகள் கூட்டமாகக் குத்திக்கொண்டே போகின்றன. புழு உள்ளே எங்கே இருக்கிறது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது. பினாங்கின் பெருநிலப் பகுதியில், தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரை, வலசை வரும் கரைப்பறவைகளுக்கு மலேசியாவில் உள்ள முக்கியமான இடங்களில் ஒன்று. வடக்கே சைபீரியா வரை போய்க் குஞ்சு பொரிப்பவை, அங்கே குளிர் தொடங்கியதும் இங்கே வருகின்றன; மார்ச், ஏப்ரலில் திரும்பக் கிளம்புகின்றன. நமக்கு வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனால் பங்குனி வெயிலில் மூக்கன் என்ற நீள அலகுக் கரைப்பறவைகளின் சாம்பல் நிறக் கழுத்தில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கினால், வடக்கே பனி உருகும் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

கிளம்பும் முன் வயிறு முட்டத் தின்று கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். 2022இல் அலாஸ்காவில் இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. இந்த இனத்துக்கு எரிபொருள் சேற்றில்தான் கிடைக்கிறது.

கரைப்பறவைகளில் உப்புக்கொத்திகள் இரை தேடக் கண்ணை நம்புபவை. பெரிய கண், குட்டை அலகு. நாலடி ஓடும், நிற்கும், மேலே தெரிவதைக் கொத்தும். மூக்கன், கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள 'கர்லூ'), உள்ளான் வகைகளின் கதை வேறு. அவற்றின் அலகு நுனி எலும்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடிப் பொடியாகக் குழிகள் தெரியும். அந்தக் குழிகளுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் ஹெர்ப்ஸ்ட் உறுப்புகள் அடுக்கியிருக்கின்றன. புழு நெளிந்தால் அந்த அதிர்வு இவற்றுக்கு எட்டும். சரி, அசையாமல் கிடக்கும் சிப்பியை என்ன செய்வது?

இதைத்தான் நெதர்லாந்தின் தியூனிஸ் பியர்ஸ்மாவும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டார்கள். 'ரெட் நாட்' என்ற உள்ளானைப் பழக்கி, வாளி மணலுக்குள் பொருளைப் புதைத்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று அதையே சொல்ல வைத்தார்கள். சிப்பியைக் கண்டுபிடித்தது. அசைவு, வாசனை, சுவை எதுவும் இல்லாத கல்லைப் புதைத்தபோதும் கண்டுபிடித்தது! ஆனால் உலர்ந்த மணலில் அந்தத் திறமை எடுபடவில்லை.

அவர்கள் தந்த விளக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஈர மணலில் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்திருக்கிறது. அலகு இறங்கும்போது அந்த நீர் தள்ளப்படுகிறது. நீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பது பள்ளியில் படித்ததுதான், ஆகவே அது துகள்களின் இடுக்கு வழியாக நாலாபக்கமும் விலகிப் போக வேண்டும். போகிற வழியில் ஒரு சிப்பி கிடந்தால் ஓட்டம் தடைபடும். அந்தப் பக்கம் அழுத்தம் கூடும், மற்ற பக்கங்களில் அவ்வளவு இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தை நுனியில் உள்ள உறுப்புகள் படிக்கின்றன. அலகு சிப்பியைத் தொடவே வேண்டாம். சற்றுத் தள்ளி இறங்கினாலும் போதும். 'ஆசிய டௌவிச்சர்' என்ற நீள அலகுக் கரைப்பறவை தையல் மிஷின் ஊசி போல விடாமல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு குத்தும் அந்த இடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் செய்தி தருகிறது.

இரை இருக்குமிடம் தெரிந்தது. அதைப் பிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முகம் வரை புதைந்த அலகை முழுதாகத் திறக்கச் சேறு விடாது. அதனால் மேல் அலகின் நுனி மட்டும் மேலே வளைகிறது, அடிப்பகுதி மூடியே இருக்கிறது. புழுவைக் கவ்விக்கொண்டு அப்படியே வெளியே வருகிறது.

கண் தேவைப்படாததால் இரவிலும் வேலை நடக்கும். கடல் வற்றும் நேரம்தான் இவற்றுக்குச் சாப்பாட்டு நேரம், அது நடுநிசியாக இருந்தாலும் சரி. கோட்டான்கள் இருட்டில் கூவிக்கொண்டே கூரைக்கு மேல் பறந்தால் வீட்டில் துக்கம் வரும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை கேட்டால் பரிகாரத்தைத் தேட வேண்டாம், கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டோ வற்றிக்கொண்டோ இருக்கும், அவ்வளவுதான்.

வாளி, மணல், கல், பழக்கிய பறவை. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பெரிய செலவே இல்லை. ஆனாலும் "இதனால் என்ன லாபம்?" என்ற கேள்வியில் மானியம் நின்றுவிடுகிறது. பினாங்கில் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அரை நாள் பயணத்துக்குள் சேற்றுக்கரையும் இருக்கிறது. இயற்பியல் மாணவர்களை அங்கே கூட்டிப்போனால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் முழுதாக வற்றியபின் போனால் பறவைகள் தூரத்தில் புள்ளிகளாகத்தான் தெரியும். கடல் ஏறத் தொடங்கியதும் போங்கள். தண்ணீர் அவற்றைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், சாதாரண பைனாகுலரே போதும். கிட்டே போய் விரட்டாதீர்கள். ஒருமுறை எழுப்பினாலும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் செலவாகிறது. அப்புறம், சேற்றில் இறங்க வேண்டாம், முழங்கால் வரை உள்ளே வாங்கிவிடும்.