ஸோனிங்: ‘மண்டல ஒப்புதல்’ என்றால் என்ன கெடும்?

25 வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுச் சமையற்கூடம். இப்படி ஒரு குடியிருப்பைக் கட்ட நினைத்த சிலருக்காக விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ‘ஸோனிங் அப்ரூவல்’ என்று வந்த இடத்தில் யோசிக்காமல் ‘மண்டல ஒப்புதல்’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தவர் கேட்டார்: “இதற்கு எந்த மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும்?”

அவர் கேட்டதில் பிழையில்லை. மண்டலம் என்றதும் நமக்கு ஓர் அலுவலகமோ ஆட்சிப் பகுதியோதான் நினைவுக்கு வரும். ஸோனிங் அதுவன்று. ஊரின் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, ஒரு மனையில் எத்தனை வீடு, எவ்வளவு உயரம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவைப்பது அது.

வேர்ச்சொல் கிரேக்கத்தின் ‘ஸோனே’. இடுப்பில் கட்டும் கச்சை என்று பொருள். (இடுப்பை வளைத்துக்கொண்டு வரும் அக்கிக்கு மருத்துவர்கள் சொல்லும் ‘ஸோஸ்டர்’ என்ற பெயரும் இதே குடும்பம்தான்.) பூமியைச் சுற்றிக் கச்சைகள் கட்டியதுபோல வெப்பம், மிதவெப்பம், குளிர் என்று பிரித்தபோது அந்தச் சொல் நிலத்துக்கு வந்தது. நாம் அதற்கு ‘மண்டலம்’ என்றோம். புவியியலுக்கு அது பொருந்திவிட்டது.

நகரச் சட்டத்துக்குள் இந்தக் கருத்து நுழைந்தது ஜெர்மனியில். பிராங்க்பர்ட் நகரம் 1891இல் பகுதிக்கொரு கட்டட விதி வகுத்தது. நியூயார்க்கில் 1915இல் எழுந்த ஈக்விடபிள் கட்டடம் தெருவையும் அண்டைக் கட்டடங்களையும் நிழலில் மூழ்கடித்தது. மறு ஆண்டே நகரம் முழுமைக்குமான ஸோனிங் விதி வந்தது. 1926இல் ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறையைச் சட்டப்படி செல்லும் என்று ஏற்றது. இம்முறைக்கு வழங்கும் ‘யூக்ளிடியன் ஸோனிங்’ என்ற பெயர் அந்த ஊரால் வந்தது, வடிவியலால் அன்று. ஊருக்கே அப்பெயரை வடிவியல் மேதை யூக்ளிடின் நினைவாகத்தான் வைத்தார்கள் என்பது வேறு கதை. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடியை அத்தீர்ப்பு ‘ஒட்டுண்ணி’ என்றே வருணித்தது. சேர்ந்து வாழ நினைப்பவர்கள் இன்றும் முட்டிக்கொள்ளும் சுவரில் இந்தச் சொல்லுக்கும் பங்குண்டு.

குறிப்பில் வந்த இன்னொரு சொல் ‘கோஹவுசிங்’; தனித்தனி வீடுகளும் பொது இடங்களுமாக அண்டை வீட்டார் சேர்ந்து வாழும் குடியிருப்பு. இது டென்மார்க்கின் ‘போஃபெலெஸ்காப்’. ‘போ’ என்றால் வசித்தல். மீதி, கூட்டுறவாய் அமைந்த சமூகம். யான் குட்மண்ட் ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964 முதல் நண்பர்களோடு இதற்காக அலைந்தார். கோபன்ஹேகனை அடுத்த ஹாரெஸ்கோவ் என்ற இடத்தில் போட்ட முதல் திட்டம் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பில் கவிழ்ந்தது. 1972இல் ஸெட்டடாமன் என்ற குடியிருப்பு 27 வீடுகளோடு எழுந்தது. ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர்கள் கேத்ரின் மெக்காமண்ட், சார்லஸ் டரெட் என்ற இரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கூட்டுக் குடும்பம்’ ஆகாது. இங்கே இருப்பவர்கள் உறவினர் அல்லர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனி அடுப்பு உண்டு. ‘ஒண்டுக்குடித்தனம்’ என்றால் சிரிப்பார்கள். ‘சேர்ந்து வாழ்தல்’ திருமணம் செய்யாத இணையரைக் குறிக்கப் போய்விட்டது. ‘கூட்டுறவு வீட்டுவசதி’ நிலத்தின் உரிமை முறையைச் சொல்கிறதே தவிர, வாழும் முறையைச் சொல்லவில்லை. ‘கூடிவாழ் குடியிருப்பு’ என்பதையே நான் எழுதுகிறேன். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்ற பழமொழி காதில் இருப்பதால் விளக்கம் கேட்பவர் குறைவு.

பெயரில் ஏன் இத்தனை கறார்? ஸோனிங் அலுவலர் திட்டத்தைப் பார்ப்பதற்குமுன் பெயரைத்தான் பார்க்கிறார். பல ஊர்களின் விதியில் ஒரு வீட்டுக்கு அடையாளமே சமையலறைதான்: தனியாகச் சமைக்க இடமிருந்தால் அது தனி வீடு. கூடிவாழ் குடியிருப்பில் 25 வீட்டுக்கு 25 சமையலறை. பொது இல்லத்தில் 26ஆவது. வாரத்தில் சில நாள் எல்லோரும் முறைவைத்துச் சமைத்துச் சேர்ந்து உண்ணும் இடம் அது. இந்த 26ஆவது சமையலறையை எந்தக் கட்டத்தில் போடுவது? வீடு என்றால் வீடுகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டும். உணவகம் என்றால் குடியிருப்புப் பகுதியில் இடமில்லை. மன்றம் என்றால் வெளியாட்கள் வருவார்கள் என்று கணக்கிட்டுக் கூடுதல் வாகன நிறுத்துமிடம் கேட்பார்கள். வீடுகளைச் சார்ந்த ‘துணைக் கட்டடம்’ என்று எழுதினால் பெரும்பாலும் மூச்சு விடலாம்.

‘குடும்பம்’ என்ற சொல்லிலும் கண்ணி உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பெல் டெர் என்ற சிற்றூர், உறவினர் அல்லாதவர்கள் இருவருக்கு மேல் ஒரே வீட்டில் வசிக்கக் கூடாது என்று விதித்தது. ஆறு மாணவர்கள் சேர்ந்து குடியிருந்ததால் வழக்கு எழுந்தது. 1974இல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தனித்தனி வீடு வைத்திருக்கும் கூடிவாழ் குடியிருப்பு இதில் நேராகச் சிக்காது. ஆனால் விண்ணப்பத்தில் ‘நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று உருகி எழுதிவிடக் கூடாது.

இனி ஸோனிங்குக்கு வருவோம். ‘மண்டலமாக்கல்’ ஆள்பவனின் எல்லையை நினைவூட்டுகிறது. தொண்டைமண்டலம், சோழமண்டலம் என்று பழகிய சொல் அது. போதாததற்கு, மருந்துண்ணும் 48 நாளும் ஒரு மண்டலம். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘வலயம்’ வளையத்தைக் குறிப்பதால் கிரேக்கக் கச்சைக்கு மிக அருகில் வருகிறது. ஆயினும் நிலத்தின் பயன் அதிலும் இல்லை. ‘நிலப் பயன்பாட்டு வகைப்பாடு’ பரவாயில்லை. வீடா கடையா என்பதைச் சொல்லிவிடும், உயரத்தையும் இடைவெளியையும் விட்டுவிடும். என் தேர்வு ‘நிலப் பயன்பாட்டு வரையறை’. வரைதல் என்பது கோடு இழுத்தல். வரை என்பது எல்லை. வரைபடத்தில் இழுத்த கோடும் இதற்குமேல் கூடாது என்ற வரம்பும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

ஒப்புதலையும் அனுமதியையும் கலக்காமல் இருப்பது நல்லது. இந்த நிலத்தில் இப்படிப்பட்ட குடியிருப்பு வரலாம் என்பது ஒப்புதல். இந்தச் சுவரை எழுப்பலாம் என்பது கட்டட அனுமதி. பெரும்பாலும் முன்னது கிடைத்த பிறகே பின்னது. நிலத்தின் வகையையே மாற்றக் கேட்பது ‘வகை மாற்றம்’. பக்க இடைவெளி போன்ற ஒரு விதியை மட்டும் தளர்த்தக் கேட்பது ‘விதித் தளர்வு’. இதை ‘விலக்கு’ என்றால் விதியே பொருந்தாது என்றாகிவிடும். மனை மனையாகப் பார்க்காமல் மொத்த நிலத்தையும் ஒரே திட்டமாக எடைபோடும் வழிக்கு ‘ஒருங்கிணைந்த மனைத் திட்டம்’ என்று எழுதலாம். வீடுகளை நெருக்கிவைத்து, வண்டிகளை ஓரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி, நடுவில் நடைபாதை விடும் கூடிவாழ் குடியிருப்புக்கு அந்த வழிதான் அதிகம் ஒத்துவரும்.

குறிப்பின் தலைப்பை ‘கூடிவாழ் குடியிருப்புக்கான நிலப் பயன்பாட்டு வரையறை ஒப்புதல்’ என்று மாற்றி அதே நபரிடம் கொடுத்தேன். இம்முறை அவர் அலுவலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “நம் நிலம் இப்போது எந்த வகையில் இருக்கிறது?” என்று கேட்டார்.