வெளிநாட்டவருக்கு பிரிட்டன் தரும் கௌரவ நைட் பட்டம்: பெயருக்கு முன் ‘சர்’ போடலாமா?

2024 பிப்ரவரியில் ஏர்டெல் நிறுவனர் சுனில் பாரதி மிட்டலுக்கு பிரிட்டன் அரசர் மூன்றாம் சார்லஸ் கௌரவ நைட் பட்டம் அளித்தார். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ‘இனி இவர் சர் மிட்டலா?’ என்ற கேள்வியும் கூடவே வரும். இல்லை. அவர் மிட்டல்தான். விரும்பினால் பெயருக்குப் பின்னால், அந்தப் பட்டத்தின் சுருக்கமான கே.பி.இ. என்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ள பிரிட்டன் விதி இடம் தருகிறது. முன்னால் எதுவும் வராது.

காரணம் குடியுரிமை. பிரிட்டன் அரசரைத் தங்கள் நாட்டுத் தலைவராக ஏற்றுள்ள நாடுகள் பிரிட்டனையும் சேர்த்து 15. அந்த நாட்டுக்காரர்களுக்கு நைட் பட்டம் கிடைத்தால் ‘சர்’ சேரும். நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி 1990இல் சர் ரிச்சர்ட் ஆனது அப்படித்தான். மற்ற எல்லா நாட்டினருக்கும் கிடைப்பது ‘கௌரவ’ பட்டம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த்தில் இருக்கின்றனவே என்கிறார்கள். காமன்வெல்த்தில் இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் குடியரசுகள், அரசர் அவற்றின் தலைவர் அல்ல.

வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் தரப்படுவது 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிய ‘ஆர்டர் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர்’ விருது. இதில் ஐந்து படிகள் உண்டு. மேலே உள்ள ஜி.பி.இ., கே.பி.இ. இரண்டு மட்டும்தான் நைட் தகுதி கொண்டவை. ஒருவருக்கு அவற்றுக்குக் கீழ்ப் படிகளான கௌரவ சி.பி.இ.யோ ஓ.பி.இ.யோ கிடைத்தால் அது பெருமைதான், ஆனால் அவர் நைட் ஆகிவிடவில்லை. ரத்தன் டாட்டாவுக்கு 2009இல் கே.பி.இ., 2014இல் அதற்கும் மேலான ஜி.பி.இ. கிடைத்தன. டெட்லி தேயிலை, கோரஸ் எஃகு, ஜாகுவார் லேண்ட் ரோவர் என்று பிரிட்டனின் பெரிய நிறுவனங்களை டாட்டா குழுமம் வாங்கியது அவர் காலத்தில்தான். சிதார் மேதை ரவி சங்கருக்கு 2001இல் இசைப் பணிக்காக கே.பி.இ. வழங்கப்பட்டது. பெண்களுக்கு இதே தகுதி ‘டேம்’. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2014இல் கௌரவ டேம் ஆனார், வேறொரு விருது வரிசையில். போர்க்களங்களில் நடக்கும் பாலியல் வன்முறையை எதிர்த்து அவர் செய்த பணிக்காக.

தேர்வு எப்படி நடக்கிறது? பிரிட்டிஷ் குடிமக்களின் பட்டியல் விருதுக் குழுக்கள், பிரதமர் என்று போய் அரசரிடம் சேரும். வெளிநாட்டவர் விஷயத்தில் வெளியுறவு அமைச்சரின் பரிந்துரைதான் அரசரிடம் போகிறது. அதனால் புத்தாண்டு, அரசர் பிறந்தநாள் பட்டியல்களில் இந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு வரலாம்.

சரி, விழா? மண்டியிடுவது, தோளில் வாளால் தொடுவது எல்லாம் ‘சர்’ சேரும் முழு நைட்டுகளுக்கு மட்டும். 2005 மார்ச்சில் பில் கேட்ஸ் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே போய் ராணி எலிசபெத்திடம் விருது வாங்கினார். அப்போதும் வாள் வெளியே வரவில்லை. பல பேருக்கு அரண்மனையும் கிடையாது, அந்தந்த நாட்டில் உள்ள பிரிட்டன் தூதரே விருதைத் தருவார். யூ2 பாடகர் போனோ 2007இல் டப்ளினில் தூதர் இல்லத்தில்தான் பெற்றுக்கொண்டார். கையில் கிடைப்பது ஒரு சிலுவைப் பதக்கமும் மார்பில் குத்திக்கொள்ளும் வெள்ளி நட்சத்திரமும். கே.பி.இ. பெற்ற ஆண்கள் பதக்கத்தைக் கழுத்தில் அணிவார்கள். அதன் ரோஜா நிற ரிப்பனுக்கு இரு ஓரமும் முத்துச் சாம்பல் கரை.

கௌரவப் பட்டம் பிறகு முழுப் பட்டமாக மாறவும் வழி உண்டு. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1965இல் கௌரவ நைட். 1985இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றதும் சர் யெஹூதி. அயர்லாந்தில் பிறந்த ஒலிபரப்பாளர் டெரி வோகனும் 2005இல் இதே வழியில்தான் ‘சர்’ ஆனார். அயர்லாந்துக்காரரான பாப் கெல்டாஃப் 1986 முதல் கௌரவ நைட் மட்டுமே. ‘சர் பாப்’ என்று பிரிட்டன் பத்திரிகைகளே எழுதினாலும் அது தவறுதான்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியக் குடிமகன் எவரும் எந்த வெளிநாட்டு அரசிடமிருந்தும் பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது அது. பெயரோடு ‘சர்’ ஒட்டாத கௌரவ விருது என்பதால்தான் இந்தியர்கள் சங்கடமில்லாமல் இதைப் பெற்றுவருகிறார்கள். ஆகவே டாட்டாவையோ மிட்டலையோ நாம் ‘சர்’ என்று எழுதுவது மரியாதை ஆகாது. அவர்கள் ஏற்காத ஒன்றை ஏற்றதாகச் சொல்வதாகிவிடும். செய்தி எழுதுகிறவர்கள் இதில் கொஞ்சம் கவனம் வைக்கலாம்.

அப்படியானால் சர் சி.வி. ராமன்? அது 1929, அன்று இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது, அது முழு நைட் பட்டம். சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012இல் கிடைத்ததும் முழுப் பட்டமே, அவர் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால். இந்த விதியின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் திருத்தணிக்காரரான டாக்டர் ராதாகிருஷ்ணன் இருக்கிறார். 1931இல் நைட் பட்டம் பெற்று சர் சர்வபள்ளி ஆனவர், சுதந்திரத்துக்குப் பின் அந்தச் ‘சர்’ரைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டார். 1963இல் குடியரசுத் தலைவராக இருந்தபோது பிரிட்டனின் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருது கௌரவ உறுப்பினராக அவருக்கு வந்தது. 1983இல் அன்னை தெரசாவுக்கும் அதே விருதுதான். அதில் ‘சர்’ரும் இல்லை, ‘டேம்’மும் இல்லை.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் அரசரால் முடியும். முசோலினியிடமிருந்து 1940இல், ருமேனியாவின் சௌசெஸ்குவிடமிருந்து 1989இல், ஜிம்பாப்வேயின் முகாபேயிடமிருந்து 2008இல் கௌரவ நைட் தகுதி பறிக்கப்பட்டது. முகாபே அதை 14 ஆண்டுகள் வைத்திருந்தார். பறிப்பதென்றால் ஆள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இறந்தவரிடமிருந்து பறிக்க வழியில்லை, விருது உறுப்பினர் தகுதி மரணத்தோடு தானாகவே முடிந்துவிடுகிறது.