சிலபஸ்: அச்சுப்பிழையில பிறந்த ஒரு சொல்லும் எங்கட இல்பாடமும்

போன கிழமை மருமோளை மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கு ரியூசன் விடப் போகேக்க கற்சிலைமடுவில அந்தக் கல்லைக் கண்டிட்டுச் சும்மா கேட்டன், உதில என்ன எழுதிக் கிடக்கு தெரியுமோ பிள்ளை எண்டு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன்ர கல்லு எண்டாள். அது சரி, எந்த வருஷம், ஆரோட சண்டை எண்டன். "மாமா, அதெல்லாம் சிலபஸ்ல இல்லை" எண்டு ஒரே வெட்டு. இங்கிலீசுப் படைக் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்ச இடம், 1803 ஒக்டோபர் 31 எண்டு கல்லிலயே வெட்டிக் கிடக்கு, ஆனா பிள்ளைக்கு அது சிலபஸ்ஸுக்க வந்தாத் தான் கல்லு.

அவளில பிழை இல்லை, ஓஎல் சோதினை எடுக்கிற பிள்ளை வேற என்ன சொல்லும். ஆனா அந்தச் சொல்லு மண்டைக்குள்ள நிண்டிட்டுது. 2025ல கல்விச் சீர்திருத்தக் கதை வரேக்க வரலாறு கட்டாயப் பாடமா இருக்குமோ இல்லையோ எண்டு எல்லாரும் அடிபட்டவை, எதைப் படிப்பிக்கலாம் எதைத் தடை செய்ய வேணும் எண்டு தேத்தண்ணிக் கடையில கூட ஆளுக்கொரு கதை. அந்தக் கதை எல்லாத்திலயும் பத்துத் தரம் வாற சொல்லு இந்தச் சிலபஸ் தான், அதின்ர பூர்வீகத்தைத் தோண்டினா ஒரு நல்ல கூத்து கிடக்கு.

சிலபஸ் எண்டு உண்மையில ஒரு சொல்லே கிடையாது. கி.மு. 58ல ரோமில இருந்து கலைச்சுவிடப்பட்ட அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ அடுத்த வருஷம் திரும்பி வாறார், வந்து பாத்தா வீடு உடைஞ்சு கிடக்கு, புத்தகங்கள் சிதறிப் போச்சு. 56ல தன்ர கூட்டாளி அற்றிக்கஸுக்கு ஒரு கடிதம் எழுதுறார், மிஞ்சின புத்தகங்கள் நான் நினைச்சதை விடப் பரவாயில்லை, அடுக்கித் தர உன்ர ஆக்கள் ரெண்டு பேரை அனுப்பு, சுருளுகளில ஒட்டுற பேர்த்துண்டு செய்யத் தோலும் கொண்டு வரச்சொல்லு எண்டு. (இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில றங்குப்பெட்டியைத் திறந்து எந்தக் கொப்பி மிஞ்சினது எண்டு பாத்த எங்களுக்கு இந்தக் கடிதம் விளங்கப்படுத்தத் தேவையில்லை.) அந்தப் பேர்த்துண்டுக்குக் கிரேக்கத்தில சிட்டுபா எண்டு பேர். பிறகு கையால படியெடுத்துப் படியெடுத்து, 1470களில சிசரோவின்ர கடிதங்கள் அச்சுக்கு வரேக்க அந்த இடத்தில சிட்டுபா போய் சில்லபோஸ் எண்டு நிண்டிட்டுது. பிழையான சொல்லை அகராதிக்காரர் எடுத்து வைச்சு, அதுக்கு இல்லாத ஒரு கிரேக்க வேரையும் தேடிப் பிடிச்சு, 17ஆம் நூற்றாண்டில இங்கிலீசுக்குள்ள சிலபஸ் எண்டு கொண்டு வந்து விட்டுட்டினம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது இதைத் தான்.

தமிழில இப்பிடி ஏட்டுக்கு ஏடு மாறி வாறதைப் பாடபேதம் எண்டுவம். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை செல்லரிச்ச ஏடுகளை வைச்சுக்கொண்டு கலித்தொகை, தொல்காப்பியப் பொருளதிகாரம் எண்டு பதிப்பிக்கேக்க பட்ட பாடெல்லாம் இந்தப் பாடபேதத்தோட தான். அப்ப பாருங்கோ, பாடம் எண்ட சொல்லுக்கே ஒரு பொருள் ஏட்டில எப்பிடி வாசிக்கக் கிடக்கு எண்டது தான். வடமொழியில ஓதுறது, வாசிக்கிறது எண்ட பொருளில வந்த சொல்லு, பாடுறதால பாடம் எண்டு சிலபேர் சொல்லுறது கேக்க வடிவா இருக்கும், ஆனா சரியில்லை. பாடமாக்கிறது எண்டு மனப்பாடத்துக்கும் சொல்லுறம், புகையிலையைப் பதப்படுத்திறதுக்கும் பாடம் போடுறது எண்டு தான் பேர். எங்கட பள்ளிக்கூடங்களில நடக்கிறது இதில எந்தப் பாடம் எண்டு சில நேரம் எனக்குக் குழப்பம்.

சிலபஸ்ஸுக்கு இன்னொரு முகம் இருக்கு, அது தான் எனக்கு முக்கியமாப் பட்டது. 1864 டிசம்பர் 8ல பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் ஒரு சிலபஸ் வெளியிட்டவர். அது படிக்க வேண்டியதின்ர பட்டியல் இல்லை, நம்பக் கூடாததின்ர பட்டியல், பிழைகளின்ர சிலபஸ் எண்டே அதுக்குப் பேர். 80 கருத்தை எழுதி இதெல்லாம் பிழை எண்டு தள்ளினது. அதில 45ல இருந்து 48 வரைக்கும் உள்ளது பொதுப் பள்ளிக்கூடங்களைப் பற்றித் தான், பள்ளிக்கூடம் திருச்சபையின்ர கையை விட்டு அரசாங்கத்திட்ட மட்டும் இருக்க வேணும் எண்ட கருத்தும் பிழை எண்டு போட்ட பட்டியலில ஒண்டு. ஒரே சொல்லு, ஒரு பக்கம் இதைப் படி எண்டுது, மற்றப் பக்கம் இதைத் தொடாதை எண்டுது. பட்டியல் எண்டு ஒண்டைப் போட்டாலே உள்ளுக்க வராதது வெளியில நிண்டிடும் தானே, அதால சிலபஸ்ஸும் தடைப்பட்டியலும் ஒரு வயித்துப் பிள்ளையள் எண்டு தான் நான் சொல்லுவன்.

சரி, தமிழில என்ன சொல்லுறது. பேச்சுக்குப் பாடத்திட்டம் எண்ட சொல்லு போதும், ஆருக்கும் விளங்கும். எங்கட நாட்டில கந்தோர்க் கடதாசிகளில பாடவிதானம் எண்டும் வரும். விதானம் எண்டோடன கோயில்ல மேல கட்டுற துணி ஞாபகம் வரும், சின்னனில எனக்கு விதானையார் தான் ஞாபகம் வாறவர், இது வேற விதானம், வடமொழியில விதிமுறை, ஒழுங்கு எண்ட பொருளில உள்ளது, எங்கட எழுத்தில ரெண்டும் ஒரே மாதிரி விழுது, அவ்வளவு தான். கலைத்திட்டம் எண்டதைச் சிலபஸ்ஸுக்குப் போடாதேங்கோ, அது கரிக்குலம், பெரிய கூடு, பள்ளிக்கூடம் பிள்ளைக்குக் குடுக்கிற முழு அனுபவமும் அதுக்க வரும். கரிக்குலம் லத்தீனில ஓடுறது எண்ட சொல்லில இருந்து வந்தது, தேரோடுற பாதை. எங்கட ஆக்களுக்கு மாட்டு வண்டில் சவாரித் திடல் எண்டாச் சட்டெண்டு பிடிபடும், திடல் கலைத்திட்டம், அதில எந்த எல்லைக்க ஓட வேணும் எண்ட கோடு பாடத்திட்டம்.

இனித் தடை. வன்னியில இந்தச் சொல்லுக்கு ஆரும் அகராதி பாக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில தடை எண்டா அரசாங்கம் உள்ளுக்க விடாத சாமான்களின்ர பட்டியல் தான், பற்றரி, சீமெந்து, பெற்றோல், யூரியா எண்டு நீளும். பற்றரி வராததால சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைச் சுத்த டைனமோவில ரேடியோ கேட்டம், சுத்திறவனுக்குக் கை உளைஞ்சாச் செய்தி வாசிக்கிறவரின்ர குரல் இழுபட்டுப் போகும், பிறகு "சுத்தடா, சுத்தடா" எண்டு சுத்தி இருக்கிறவை எல்லாம் சத்தம் போடுவினம். தடை போட்டதால ஒருதரும் பற்றரியை மறக்கேல்லை, தடை வந்த பிறகு தான் ஒரு பென்ரோச்சுக் கட்டை என்ன பெறுமதி எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சது.

படிப்பிலயும் இது தான் நடந்திருக்கு. அமெரிக்காவில ரெனசி மாநிலத்தில 1925ல, மனிசன் கீழான உயிரில இருந்து வந்தவன் எண்டு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கக் கூடாது எண்டு சட்டம் போட்டினம். டேற்றன் எண்ட சின்ன ஊரில ஸ்கோப்ஸ் எண்ட 24 வயசு வாத்தியார் மாட்டுப்பட்டு 100 டொலர் குற்றப்பணம். இதில பகிடி என்னெண்டா, வழக்குக்கு வந்த அந்தப் பாடம் கிடந்தது அந்த மாநிலம் தானே பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துக் குடுத்த உயிரியல் புத்தகத்தில. சிலபஸ்ல உள்ளதைப் படிப்பிச்சதுக்கு வழக்கு! தண்டம் பிறகு 1927ல சட்ட நுணுக்கம் ஒண்டால இல்லாமப் போச்சு, சட்டம் 1967 வரைக்கும் கிடந்தது. அந்த வழக்கால கூர்ப்பு, அதாவது பரிணாமம் எண்ட சொல்லு அதுவரைக்கும் போகாத வீட்டுக்கெல்லாம் பேப்பரோடயும் ரேடியோவோடயும் போய்ச் சேந்தது.

எங்கட பழைய ஆக்கள் வேற மாதிரி யோசிச்சிருக்கினம். நன்னூல்ல ஆருக்குப் படிப்பிக்கக் கூடாது எண்டு ஒரு சூத்திரம் இருக்கு, களி மடி மானி காமி கள்வன் எண்டு தொடங்கும், குடிகாரன், சோம்பேறி, நித்திரைகொள்ளி, கோவக்காரன் எண்டு எண்ணிப் பாத்தா 15 பேர். பாடத்துக்குத் தடை இல்லை, பிள்ளைக்குத் தான் தடை. உதுவும் நல்ல கதை இல்லை, வகுப்பில நித்திரைகொள்ளுறவனை எல்லாம் கலைச்சா எங்கட காலத்தில வாத்தியார் சுவருக்குத் தான் படிப்பிச்சிருப்பார். 1945ல கல்வி அமைச்சர் கன்னங்கராவோட வந்த இலவசக் கல்வி கடைசியில இந்த 15 பேருக்கும் சேத்துத் தான் கதவைத் திறந்தது.

தடைக்குக் கிட்டக் கிட்டச் சில சொல்லுகள் இருக்கு, கலக்கக் கூடாது. தடை எண்டா மீறினாத் தண்டம். நீக்கம் எண்டா முதல் இருந்ததை எடுக்கிறது. விலக்கு எண்டா ஒதுக்கி வைக்கிறது. நிறுத்தி வைக்கிறது எண்டு ஒண்டும் இருக்கு, சில வருஷத்துக்கு முதல் ஏழாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு எண்டு எழுதின பாலியல் கல்விப் புத்தகம் பிக்குமார் எதிர்த்ததோட பிள்ளையளின்ர கைக்குப் போகாம நிண்டது அந்த வகை. ஆனா இதெல்லாத்தையும் விட ஊரில கூட நடக்கிற ஒண்டுக்குத் தமிழில பேரே இல்லாமக் கிடக்கு.

என்ர கதையையே சொல்லுறன். 96 இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் படிச்சது கிடுகுக் கொட்டிலில, புத்தகம் போன வருஷப் பிள்ளையட்ட இருந்து கைமாறி வாறது. எனக்கு வந்த சுகாதாரப் புத்தகத்தில நடுவில ரெண்டு தாள் ஸ்ரேப்ளர் அடிச்சு மூடிக் கிடந்தது, நாலு மூலையிலயும் நாலு பின், துருப்பிடிச்சு. அந்த இடம் வந்தோடன சேர் கரும்பலகையைப் பாத்துக்கொண்டு "இதை வீட்டை போய் வாசியுங்கோ" எண்டிட்டு அடுத்த அலகுக்குத் தாவினார். இடைவேளைக்கு மணி அடிக்க முதல் கவராயத்தின்ர ஊசியால நாலு பின்னையும் கிளப்பியாச்சு. வருஷம் முழுக்கப் படிச்சதில முழு வகுப்பும் ஒரு வரி விடாம வாசிச்சது அந்த நாலு பக்கம் தான், விளங்கினது எவ்வளவு எண்டு கேளாதேங்கோ, விளங்காததை எங்கள விட ரெண்டு வயசு மூத்த ஒருத்தன் விளங்கப்படுத்தினான், அவன் சொன்னது முழுக்கப் பிழை எண்டு தெரிய எனக்குப் பத்து வருஷம் எடுத்தது.

அங்க ஆரும் தடை போடேல்லை. சிலபஸ்ல இருந்தது, புத்தகத்திலயும் இருந்தது, வகுப்பில மட்டும் இல்லை. கல்வி ஆய்வாளர் எலியட் ஐஸ்னர் 1979ல இதுக்கு ஒரு பேர் வைச்சவர், நல் கரிக்குலம் எண்டு, பள்ளிக்கூடம் படிப்பிக்காம விடுறதும் ஒரு படிப்பிப்புத் தான் எண்டது அவரின்ர கணக்கு. தமிழில எழுதினா நல் எண்டு நல்ல சொல்லு மாதிரி விழுது, உண்மையில வெறுமை எண்டு பொருள். நான் இதுக்கு இல்பாடம் எண்டு வைப்பன். இல்பொருள் உவமையணி எல்லாரும் சோதினைக்குப் பாடமாக்கினது தானே, உலகத்தில இல்லாத பொருளை உவமையாக் காட்டினா இல்பொருள், அது மாதிரி வகுப்பில இல்லாத பாடம் இல்பாடம்.

என்ர எண்ணம் இது தான், தடை போட்ட பாடத்தை விட இல்பாடம் தான் மோசம். பற்றரி இல்லை எண்டது எங்களுக்குத் தெரிஞ்சபடியாத் தான் டைனமோவைச் சுத்தினம். இல்பாடத்தில இல்லாதது என்னெண்டே பிள்ளைக்குத் தெரியாது, பிறகு எதைச் சுத்திறது. அதால எந்தப் பாடத்தையும் பொதுப் பள்ளிக்கூடத்தில இருந்து தடை செய்யிறதுக்கு நான் கை தூக்கமாட்டன். எந்த வயசில எவ்வளவு எண்டு பேசலாம், ஒரு சனத்தைக் கேவலப்படுத்திற வரி புத்தகத்தில இருந்தா அந்த வரியைத் தூக்கலாம், அது வேற.

இதுக்கு எதிர்ப்பக்கமும் வன்னியில நடந்திருக்கு. 2002ல ஏ9 றோட்டு திறந்து சனம் காணிக்குத் திரும்பேக்க மிதிவெடி அபாயக் கல்வி எண்டு பள்ளிக்கூடங்களுக்கு வந்தவை, படம் காட்டி, நாடகம் போட்டு, சிவப்புப் பலகையில மண்டையோட்டைக் கண்டா வந்த அடியிலயே திரும்பி வா எண்டு சொல்லிக் குடுத்தவை. சோதினைக்கு வராது, புள்ளி இல்லை. ஆனா சின்ன வகுப்புப் பிள்ளையும் அதை ஒழுங்காப் படிச்சது, வீட்டை போய் அப்பாவுக்கும் படிப்பிச்சது. சிலபஸ்ல இல்லை எண்டு அண்டைக்கு ஒரு பிள்ளையும் சொல்லேல்லை.

ரியூசன் முடிஞ்சு திரும்பி வரேக்க இந்தப் புதுச்சொல்லை மருமோளுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "மாமா, இல் எண்டா வீடு எண்டும் பொருள் இருக்கெல்லோ, அப்ப இல்பாடம் எண்டா வீட்டுப்பாடம் எண்டு தானே வரும்" எண்டாள். ஓம் பிள்ளை, அந்தச் சேரும் அப்பிடித் தான் சொன்னவர் எண்டன். அவளுக்கு விளங்கேல்லை, அந்தக் கல்லுக்குக் கிட்ட வந்தோடன மட்டும், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ மாமா எண்டாள்.