‘ஃபைனான்ஷியல் அப்யூஸ்’: துஷ்பிரயோகமா, சுரண்டலா, கையாடலா?

வயதானவரைக் கவனித்துக்கொள்ளும் மகனோ மகளோ உறவினரோ அவருடைய ஓய்வூதியம், நகை, வீடு இவற்றைத் தன் வசமாக்கிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘ஃபைனான்ஷியல் அப்யூஸ்’ என்கிறார்கள். தமிழில் ‘நிதி துஷ்பிரயோகம்’ என்று எழுதிவிடுகிறோம்.

‘அப்யூஸ்’ இலத்தீன் வழி வந்தது. முறை தவறிப் பயன்படுத்துவது என்று பொருள். ‘துஷ்பிரயோகம்’ சமஸ்கிருதம், துஷ் என்றால் தீய, பிரயோகம் என்றால் பயன்பாடு. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ‘நிதி துஷ்பிரயோகம்’ என்றதும் ஊராட்சிப் பணத்தில் யாரோ கைவைத்த செய்தி போலத்தான் காதில் விழுகிறது. முதியவர் அதில் எங்கே இருக்கிறார்?

1975 வாக்கில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்கள் முதியோர் கொடுமையைப் பற்றி எழுதத் தொடங்கியபோது அடி உதைதான் பேச்சாக இருந்தது. பணம் பின்னால்தான் சேர்ந்தது. முதியோர் கொடுமையைத் தடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் பங்கேற்போடு வந்த 2002ஆம் ஆண்டின் டொராண்டோ பிரகடனம், நம்பிக்கைக்குரிய உறவுக்குள் முதியவருக்குத் தீங்கோ துயரமோ தரும் செயல் என்று முதியோர் கொடுமையை வரையறுத்தது. ஒரே முறை நடந்தாலும் கணக்குத்தான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கணக்குத்தான். இந்த ‘நம்பிக்கை’ தமிழ்ச் சொல்லிலும் தெரிய வேண்டும்.

‘அபகரிப்பு’ அந்நியர் செய்வதற்குப் பொருந்தும். நில அபகரிப்பு என்கிறோமே, அது போல. ‘சுரண்டல்’ இன்னும் நெருக்கம். அம்மாவின் ஏடிஎம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது சுரண்டல்தான். ஆனால் முதலாளியும் சுரண்டுவார், வட்டிக்காரரும் சுரண்டுவார். ‘கையாடல்’ அப்படியில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துக்கொண்டால் மட்டுமே அந்தச் சொல். இதுவரை கேஷியருக்கும் சங்கப் பொருளாளருக்கும் மட்டுமே ஒதுக்கி வைத்திருந்தோம். வீட்டுக்குள் நடப்பதற்கும் ‘முதியோர் பணக் கையாடல்’ என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. காதுக்குக் கொஞ்சம் கடுமைதான், இருக்கட்டும்.

வீடு, நிலம் என்று சொத்தையே எழுதி வாங்கும் விஷயத்தில் மட்டும் இந்தச் சொல் போதாது. அதற்கு மக்களிடமே வழக்கு இருக்கிறது: “பேசிப் பேசியே எழுதி வாங்கிட்டான்.” பெரும்பாலும் அது தான செட்டில்மென்ட் பத்திரமாக, அதாவது விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரமாக இருக்கும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் (2007) 23ஆவது பிரிவு இதற்கானது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அது மோசடியாகவோ வற்புறுத்தியோ வாங்கியதாகவே கருதப்பட்டு, எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் செல்லாததாக அறிவிக்கப்படும். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னது. எப்படியும் பத்திரத்திலேயே அந்த ஒரு வரியை எழுதி வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கு வழிகேட்க முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.